காலம் தெரியாதவர்கள் யார்?

போன மாதம் ஒரு நாள் காலை நடையின்போது, செட்டிக்குளம் பக்கம் உட்கார்ந்திருந்த நண்பர் ஒருவர் தன் கைப்பேசியை என்னிடம் நீட்டினார். நாற்பது வருஷம் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவர். வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய ஒரு அட்டவணை. ஆங்கிலத்தில் காலங்கள் பன்னிரண்டு, தமிழில் மூன்று, மலைவாசிகளின் மொழிகளில் ஒன்றுமில்லை என்று போட்டிருந்தது. கீழே ஒரு சிரிக்கும் பொம்மை.

"என்ன சார், சரியாத்தானே இருக்கு? நேத்து, இன்னிக்கு, நாளைக்குன்னு வித்தியாசம் தெரியாத பாஷை அழிஞ்சா யாருக்கு என்ன நஷ்டம்?" என்றார்.

நான் அப்போது பதில் சொல்லவில்லை. சண்டை போட்டால் மறுநாள் நடைக்குத் துணை இருக்காது. ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் மனது ஆறவில்லை. இந்த அட்டவணையால் ஏற்பட்ட ஒரு நஷ்டத்தை என் உத்தியோக காலத்தில் நேரில் பார்த்தவன் நான். பார்த்தவன் மட்டுமல்ல, அந்தத் தப்பைச் செய்தவனே நான்தான். அதைச் சொல்லாமல் இந்த விவாதத்தில் இறங்க எனக்கு யோக்கியதை இல்லை. ஆகவே அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

நான் பிரெஞ்சில் படித்தவன் என்பது இங்கே வழக்கமாக வருகிறவர்களுக்குத் தெரியும். சைகோன் போய் வந்த பெரியப்பாவின் யோசனையில் என்னைப் புதுச்சேரியில் ஒரு பிரெஞ்சுப் பள்ளியில் போட்டார்கள். ப்ரெவே வரை அங்கே படித்துவிட்டு, பிறகு தனியாக எஸ்.எஸ்.எல்.சி. எழுதி, சர்வீஸ் கமிஷன் பரீட்சை பாஸ் செய்து, தென்னார்க்காடு மாவட்டத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். பிரெஞ்சு படித்தவனுக்கு இங்கிலீஷ் தானாக வந்துவிடும் என்று மேலதிகாரிகள் எல்லோரும் நம்பினார்கள். அதனால் கோர்ட்டுக்குப் போகிற ஆங்கிலக் காகிதங்கள் என் மேஜைக்கே வரும்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு வழக்கு. பாறைப் புறம்போக்கில் குடிசை போட்டிருந்த பதினோரு இருளர் குடும்பங்களைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் போயிருந்தது. அவர்கள் சார்பில் யாரோ நல்லவர்கள் உயர்நீதிமன்றத்துக்குப் போனார்கள். எங்கள் அலுவலகத்திலிருந்து பாராவைஸ் ரிமார்க்ஸ் அனுப்ப வேண்டும். அதற்காக அங்கே போய் ஒரு கிழவியிடம் வாக்குமூலம் வாங்கினோம். அந்த ஆயா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"மழைக்காலத்துல குகைக்குள்ள இருப்போம் சாமி. மத்த நாளுல இந்தப் பாறையண்ட கூரை போட்டுகினு இருப்போம். கெழங்கு தோண்டுவோம், ஈசல் புடிப்போம். அப்ப ரோடு ஏது, கரண்டு ஏது?"

நான் தமிழில் எழுதி, கைநாட்டு வாங்கி, அலுவலகம் வந்து ஆங்கிலத்தில் பெயர்த்தேன். இருப்போம் என்பதற்கு 'வில் ஸ்டே' என்று போட்டேன். தோண்டுவோம் என்பதற்கு 'வில் டிக்'. ரோடும் கரண்டும் விஷயத்துக்குச் சம்பந்தமில்லை என்று அந்தக் கடைசி வாக்கியத்தை விட்டுவிட்டேன். என் பள்ளிக்கூட இலக்கணப்படி இருப்போம் எதிர்காலம். எதிர்காலத்துக்கு ஆங்கிலத்தில் 'வில்'. கணக்கு சரி.

மேலே இருந்த அதிகாரி அதைப் படித்தார். "இவங்க இனிமே இருக்கப்போறோம்னுதானே சொல்றாங்க? இதுவரைக்கும் இருந்ததா ஒரு வார்த்தைகூட இல்லையே. நெடுநாள் அனுபவம் இல்லைன்னு எழுதிடுங்க" என்றார். எழுதினேன். காகிதம் போய்விட்டது.

இரண்டு நாள் கழித்து ராத்திரி தூக்கம் வராமல் படுத்திருந்தபோதுதான் உறைத்தது. எங்கள் பிரெஞ்சு வாத்தியார் கரும்பலகையில் எழுதிப் போட்டு எங்களை ஒப்பிக்க வைத்த இறந்தகாலம் ஒன்று உண்டு. அதற்கு 'எங்ப்பர்ஃபே' என்று பெயர். முன்பு வழக்கமாக நடந்ததையும், தொடர்ந்து நடந்துகொண்டிருந்ததையும் சொல்ல அந்த வடிவம். 'சின்ன வயசில் ஏரியில் குளிப்போம்' என்று நாம் சொல்கிறோமே, அதைப் பிரெஞ்சில் சொன்னால் அந்த வடிவத்தில்தான் சொல்ல வேண்டும். குளிப்போம் என்பது அங்கே எதிர்காலம் இல்லை, பழைய வழக்கம். ஆயா சொன்ன இருப்போம் அதுதான். ஆங்கிலத்தில் 'யூஸ்ட் டு' என்று போட்டிருக்க வேண்டும். அவள் தன் தலைமுறைகளின் வாழ்க்கையைச் சொன்னாள். நான் அதை நாளைய திட்டமாக மாற்றிவிட்டேன். அவள் காலத்தைச் சொல்வதற்காகவே சொன்ன 'அப்ப' என்ற சொல்லையும் வெட்டி எறிந்துவிட்டேன்.

மறுநாளே திருத்தக் குறிப்பு எழுதினேன். ஆனால் கோப்பு போன வேகத்தில் திருத்தம் போவதில்லை என்பது அரசாங்கத்தில் வேலை பார்த்த எல்லோருக்கும் தெரியும். திரும்ப வாக்குமூலம், திரும்ப ஆய்வு என்று இரண்டு வருஷம் இழுத்தது. கடைசியில் காலி செய்யும் நோட்டீஸ் ரத்தானது. ஆனால் அந்த இரண்டு வருஷமும் பதினோரு குடும்பங்களும் மக்கிப்போன கூரைக்குப் புது ஓலை போடக்கூடத் தைரியமில்லாமல் மழையில் நனைந்தார்கள். என்னை யாரும் விளக்கம் கேட்கவில்லை. சம்பள உயர்வும் தவறாமல் வந்தது.

இப்போது சொல்லுங்கள். அங்கே காலம் தெரியாதவர் யார்? ஆயாவா, நானா?

நண்பரின் அட்டவணைக்கு வருகிறேன். முதலில் அந்தப் பன்னிரண்டு. நம்மில் பலர் படித்த ரென் அண்ட் மார்ட்டின் புத்தகத்தின் கணக்கு அது. மூன்று காலம், ஒவ்வொன்றிலும் நான்கு வடிவம், ஆகப் பன்னிரண்டு. மாணவனுக்குப் பாடம் நடத்த வசதியான கணக்குதான். ஆனால் ஆங்கில வினைச்சொல் தன் உருவத்தை மாற்றிக் காட்டுகிற காலங்கள் எத்தனை? இரண்டே. 'கோ', 'வென்ட்'. அவ்வளவுதான். மீதியெல்லாம் துணைவினை போட்டு ஒட்ட வைத்தது. எதிர்காலத்துக்கென்று அந்த மொழியில் ஒரு விகுதிகூடக் கிடையாது. 'வில்' என்பது ஆதியில் 'விரும்பு' என்ற பொருள் கொண்ட வினை. அதைக் கடன் வாங்கித்தான் நாளையைச் சொல்கிறார்கள். பல மொழியியல் அறிஞர்கள் ஆங்கிலத்துக்கு இறந்தகாலம், இறந்தகாலமல்லாதது என்ற இரண்டு காலங்கள்தான் என்று எழுதியிருக்கிறார்கள்.

துணைவினை போட்டு ஒட்டியதையும் எண்ணுவோம் என்றால் எண்ணலாம், ஆட்சேபணை இல்லை. ஆனால் அதே தராசில் நம் சரக்கையும் நிறுக்க வேண்டும். வந்தேன், வந்திருக்கிறேன், வந்திருந்தேன், வந்திருப்பேன், வந்துகொண்டிருக்கிறேன், வந்துகொண்டிருந்தேன், வந்துகொண்டிருப்பேன், வந்துவிட்டேன், வந்துவிட்டிருந்தேன் என்று எண்ண ஆரம்பித்தால் விரல் போதாது. நம் செஞ்சிச் சந்தையில் 'வந்துகினு இருக்கான்' என்று சொல்கிற காய்கறிக்காரிக்கு ரென் அண்ட் மார்ட்டின் யாரென்று தெரியாது. ஆனால் தொடர்ந்து நடப்பதைச் சொல்லத் தெரிகிறது. 'வந்து தொலைத்தான்' என்றால் வந்ததோடு நமக்கு வந்த எரிச்சலும் சேர்ந்து வருகிறது. 'சொல்லி வைத்தேன்' என்றால் பின்னால் உதவட்டும் என்று சொன்னது. 'வந்தானாம்' என்றால் நான் பார்க்கவில்லை, கேள்விப்பட்டது. சாட்சி சொல்பவனின் நேர்மை ஒரு 'ஆம்' விகுதிக்குள் அடங்கிவிடுகிறது. இதை ஆங்கிலத்தில் சொல்ல ஒரு முழு வாக்கியம் வேண்டும்.

நான் படித்த பிரெஞ்சுக் கணக்கையும் பார்ப்போம். அங்கே சாதாரணச் செய்தி சொல்லும் பாங்கில் மட்டும் எட்டுக் காலங்கள். அதில் மூன்றை மனப்பாடம் செய்ய முடியாமல் நான் வாங்கிய பிரம்படிக்குக் கணக்கில்லை. ஆனால் அதே பிரெஞ்சில், 'சாப்பிடுகிறேன்', 'சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்' என்ற இரண்டுக்கும் சாதாரணமாக ஒரே வடிவம்தான். ஆங்கிலேயனுக்கு அது குறையாகத் தெரியும். எங்ப்பர்ஃபேக்குத் தனி வடிவம் இல்லாத ஆங்கிலம் பிரெஞ்சுக்காரனுக்குக் குறையாகத் தெரியும். இன்னொன்று. பிரெஞ்சில் 'பாசே சேம்ப்ல்' என்று ஓர் இறந்தகாலம் இருக்கிறது. கதைப் புத்தகத்தில் மட்டும்தான் அது உயிரோடு இருக்கிறது, பேச்சில் செத்துப்போய் வெகுகாலம் ஆகிறது. ஒரு காலத்தைத் தொலைத்ததற்காகப் பிரெஞ்சை நாகரிகமில்லாத மொழி என்று யாராவது சொல்கிறார்களா? சொல்ல மாட்டார்கள். 1750இல் நம் கோட்டையைப் பிடித்தவர்களின் மொழி அல்லவா!

ஜப்பானிய மொழி வினையிலும் இறந்தகாலம், இறந்தகாலமல்லாதது என்ற இரண்டு பிரிவுதான். அந்த ஊர் ரயில் நேரம் தவறுகிறதா? சீன மொழியில் வினைச்சொல் காலத்துக்காக உருவம் மாறுவதே இல்லை. நேற்று, நாளை என்ற சொற்களை வைத்தும் சில இடைச்சொற்களை வைத்தும் சமாளிக்கிறார்கள். அவர்களுக்குக் காலம் தெரியாது என்று எந்த வாட்ஸ்அப் வீரராவது சொல்லட்டும் பார்க்கலாம். மொழி பேசுகிறவன் கையில் பணமும் படையும் இருந்தால் அவன் மொழியின் இரண்டு காலம் சிக்கனம். இல்லாதவன் மொழியில் இரண்டு காலம் என்றால் அது அறியாமை. இதுதான் அந்த அட்டவணையின் உண்மையான இலக்கணம்.

தமிழின் மூன்றைப் பற்றிப் பெருமைப்படுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. தொல்காப்பியம் காலம் மூன்று என்றுதான் சொல்கிறது. ஆனால் பழைய தமிழில் இன்றைய 'கிறு', 'கின்று' என்ற நிகழ்கால இடைநிலைகள் மிக அரிது. அவற்றை இலக்கணமாக எடுத்துச் சொல்வது நன்னூல். பழைய பாட்டுகளில் 'செய்யும்' என்ற வடிவமே நிகழ்வதற்கும் வரப்போவதற்கும் வழக்கமானதற்கும் பெரும்பாலும் போதுமாயிருந்தது. இன்றும் மிச்சம் இருக்கிறது. 'பசு பால் தரும்', 'சூரியன் கிழக்கே உதிக்கும்' என்கிறோம். நாளைக்குத்தான் உதிக்குமா? வினையின் உருவத்தைப் பார்த்தால் நம் பாட்டன்மாரும் பெரும்பாலும் இரண்டு வடிவத்தை வைத்துக்கொண்டுதான் பாடினார்கள். கபிலருக்குக் காலம் தெரியவில்லை என்று சொல்லத் துணிகிறவர்கள் மட்டும் மலைவாசியைப் பார்த்துச் சிரிக்கட்டும்.

நீலகிரியில் தோடர்கள் பேசும் தோடாவிலும் அதே பழைய திராவிட அமைப்பின் சாயலைப் பார்க்கலாம். அடிப்படையில் இறந்தகாலம், அல்லாதது என்ற பிரிவு. தோடர்கள் மொத்தமே ஏறக்குறைய இரண்டாயிரம் பேர். கனடாவில் பிறந்த எமனோ என்ற அறிஞர் 1935 முதல் 1938 வரை இங்கே தங்கி, நீலகிரி மொழிகளைக் காதால் கேட்டு எழுதி வைத்தார். 1971இல் தோடர் பாட்டுகள் தனிப் புத்தகமாக வந்தன. 1984இல் தோடா இலக்கணம் வந்தது. ஒரு மனிதர் ஏறக்குறைய ஐம்பது வருஷம் மனதில் சுமந்து எழுதிய இலக்கணம் அது. இலக்கணமே இல்லாத மொழிக்கா எழுதினார்? இருளர் மொழியைப் பற்றி 1973இல் புத்தகம் எழுதியவர் செக் நாட்டிலிருந்து வந்த கமில் சுவலபில். நம் வீட்டு வாசலில் இருப்பதை எழுத வெளிநாட்டிலிருந்து ஆள் வர வேண்டியிருக்கிறது. நாம் அட்டவணை அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

அரசாங்கக் கணக்கையும் பாருங்கள். 1971இலிருந்து மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பத்தாயிரம் பேருக்குக் குறைவாகப் பேசும் மொழியைப் பெயர் சொல்லிப் பிரசுரிப்பதில்லை. 'மற்றவை' என்ற பத்தியில் போய்விடும். 2011 கணக்கின்படி தமிழ்நாட்டில் இருளர் சுமார் 1 லட்சத்து 89 ஆயிரம் பேர். அதே கணக்கில் இருளர் மொழியைத் தாய்மொழி என்று சொன்னவர்கள் நாடு முழுவதும் சுமார் 12 ஆயிரம். அதுவும் தமிழின் கீழ் ஒரு பிரிவாகத்தான் அச்சாகியிருக்கிறது. நம் செஞ்சி, திண்டிவனம் பக்கத்து இருளர் பேச்சு பெரும்பாலும் தமிழாகவே ஆகிவிட்டது. பத்திகள் போட்டுக் கணக்கெழுதியே வயிறு வளர்த்தவன் நான். 'மற்றவை' என்ற பத்தியில் போனது திரும்பி வராது என்பதை என்னைவிட நன்றாக அறிந்தவர் இருக்க முடியாது.

சரி, போனால் என்ன போகிறது? நண்பரின் கடைசிக் கேள்வி அதுதானே. தொலைவிலிருந்து ஓர் உதாரணம் சொல்கிறேன். நம் கோட்டையில் இருக்கும் சாதத்துல்லா கான் மசூதியில் பாரசீகக் கல்வெட்டு இருக்கிறது. தஸ்தாவேஜு, பந்தோபஸ்து, சிரஸ்தார், ஜமாபந்தி என்று என் உத்தியோகம் முழுக்க நான் எழுதிய சொற்கள் அந்தப் பாரசீக தர்பார் வழியாக வந்தவை. பாரசீகம் பேரரசுகளின் மொழி. அதன் தூரத்து உறவு ஒன்று தஜிகிஸ்தான் மலைப் பள்ளத்தாக்கில் இருக்கிறது. யக்னோபி என்று பெயர். சில ஆயிரம் பேர் பேசுகிறார்கள். ஒரு காலத்தில் பட்டுப்பாதை வணிகத்தை ஆண்ட சோக்தியானா நாட்டு மொழியின் வழிவந்தது.

சமஸ்கிருதத்தில் 'கச்சதி' என்றால் போகிறான், 'அகச்சத்' என்றால் போனான். முன்னால் ஓர் 'அ' சேர்த்தால் இறந்தகாலம். பழைய கிரேக்கத்திலும் பழைய பாரசீகத்திலும் இந்த முன்னொட்டு இருந்தது. பேரரசுகளின் பாரசீகம் அதைத் தொலைத்துவிட்டது. ஆடு மேய்க்கும் யக்னோபிகள் இன்றும் அந்த 'அ'வைச் சொல்கிறார்கள். 1970இல் சோவியத் அரசு அந்த மக்களை ஹெலிகாப்டரில் ஏற்றிச் சமவெளிப் பருத்தி வயல்களில் கொண்டுபோய் இறக்கியது. மலைக்குப் பழகிய பலர் அந்த வெயிலில் மாண்டார்கள். பிறகு சிலர் திரும்பிப் போனார்கள். மொழி மெலிந்துவிட்டது. தர்பாரில் தொலைந்தது மலையில் பிழைத்திருந்தது. அதையும் இறக்கிவிட்டால் வேறு எங்கே போய்த் தேடுவது?

நான் ஆங்கிலத்துக்கு விரோதி இல்லை. என் பேரன் பன்னிரண்டு காலத்தையும் ஒப்பிக்கிறான், ஒப்பிக்கட்டும். இருளர் பிள்ளைகளும் தமிழும் ஆங்கிலமும் படித்து, நான் உட்கார்ந்த நாற்காலியில் உட்கார வேண்டும். பழைய பேச்சைக் காப்பாற்றுகிறேன் என்று அவர்களைக் குகையிலேயே இருக்கச் சொல்ல எனக்கு உரிமையில்லை. எங்கள் மொழியில்தான் காலம் அதிகம் என்று எதிர் அட்டவணை போடுவதும் என் நோக்கம் இல்லை. அது அதே நோயின் மறுபக்கம். நான் கேட்பதெல்லாம் ஒன்றே. எண்ணிக்கையை வைத்து மனிதனின் அறிவை அளக்காதீர்கள். ஒருவன் சொல்லும் காலத்தை அவன் சொன்ன பொருளில் எடுத்துக்கொள்ளுங்கள்.

2025 ஜூலையில் நம் கோட்டை உலகப் பாரம்பரியச் சின்னமானது. மராட்டியர் கோட்டைகளின் வரிசையில் தமிழ்நாட்டிலிருந்து சேர்ந்த ஒரே கோட்டை. எனக்கும் சந்தோஷம்தான். ராஜகிரிக்குக் கீழே நின்று பேரனோடு படமும் எடுத்துக்கொண்டேன். ஆனால் அந்தக் கற்களுக்கு நடுவே தலைமுறை தலைமுறையாகக் கிழங்கு தோண்டியவர்களின் பேச்சுக்கு ஒரு பலகைகூட இல்லை.

அரசாங்கம் செய்யும் என்று காத்திருக்க நமக்கு வயதில்லை. வருவாய்த் துறையிலும் காவல் நிலையத்திலும் இப்போது வேலை பார்க்கும் பிள்ளைகள் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் இதைப் படிக்கச் சொல்லுங்கள். வாக்குமூலம் எழுதும்போது சொன்னவர் வாயில் வந்த சொல்லை அப்படியே எழுதச் சொல்லுங்கள். இருப்போம் என்றால், "எப்ப ஆயா?" என்று ஒரு கேள்வி கூடக் கேட்கச் சொல்லுங்கள். அந்த ஒரு கேள்வியை நான் கேட்டிருந்தால் இரண்டு மழைக்காலம் மிச்சமாகியிருக்கும்.

நண்பர் இதைப் படிப்பார் என்று தெரியும். நாளைக் காலையும் செட்டிக்குளத்தண்ட நான் இருப்பேன் சார். இது எதிர்காலம்தான். சந்தேகம் வேண்டாம்.